என் மகளுக்கு ‘க’ வந்த கதை

மூன்று வயதில் என் மகள் காக்காயைத் ‘தாத்தா’ என்றுதான் கூப்பிடுவாள். ‘க’ வர வேண்டிய இடத்திலெல்லாம் அவளுக்கு ‘த’ வந்தது. கடுகு ‘தடுது’ ஆனது. கத்திரிக்காய் ‘தத்திரித்தாய்’ ஆனது. திருச்சுழி பஜாரில் எங்களுக்குப் பலசரக்குக் கடை; கடையை ஒட்டிப் பின்னாலேயே வீடு. சரக்கு வாங்க வருகிறவர்கள் அவளைத் தூக்கி மேஜை மேல் உட்கார வைத்து, “கசகசா சொல்லு தாயி” என்பார்கள். அவள் ‘தசதசா’ என்பாள். கடையே சிரிக்கும். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். வளர வளரச் சரியாகிவிடும் என்று நானும் என் மனைவியும் நினைத்தோம்.

சரியாகவில்லை. எண்பதுகளின் கடைசியில் அவளை ஒண்ணாங் கிளாஸில் சேர்த்தபோதும் அதே ‘த’தான். சொந்தக்காரர்கள் வந்தால் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். வசம்பை உரசி நாக்கில் தடவச் சொன்னார்கள். கடையில் வசம்புக்கா பஞ்சம்? தடவினோம். அந்தக் கசப்புக்குப் பயந்து, நான் வசம்பு இருக்கும் டப்பாவின் பக்கம் கையை நீட்டினாலே அவள் தெருவுக்கு ஓடிவிடுவாள். ஒருவர் நாக்குக்கு அடியில் இருக்கும் நரம்பை அறுத்துவிட வேண்டும் என்றார். அன்றைக்கு என் மனைவி சோறு சாப்பிடவில்லை.

பள்ளிக்கூடம் சேர்ந்து கொஞ்ச நாளில், கலகலவென்று பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஒரு சாயங்காலம் பாவாடை நனைந்து வந்தாள். என் மனைவி அதை அலசிக்கொண்டே கேட்டாள்.

“ஏண்டி, ஒண்ணுக்குப் போணும்னு டீச்சர்கிட்ட கேக்க வேண்டியதுதான?”

“தேட்டா சிரித்திறாந்தம்மா.”

கேட்டால் சிரிக்கிறார்கள். அவளுக்கு ‘ஒண்ணுக்கு’ வராது, ‘ஒண்ணுத்து’ என்றுதான் வரும். ஒருநாள் அப்படிக் கேட்டதும் வகுப்பு முழுக்க அதையே திருப்பிச் சொல்லிச் சிரித்திருக்கிறது. அதற்குப் பிறகு அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். பொழுது முழுக்க அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறாள். இதைக் கேட்டுவிட்டுக் கடைக்குள் வந்து நின்ற எனக்கு, எதிரில் நின்றவர் என்ன சாமான் கேட்டார் என்பதே காதில் விழவில்லை.

மறுநாள் அவளுடைய டீச்சர் கடைக்கு வந்தார். அருப்புக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். குறை சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து நான் எழுந்து நின்றேன்.

“உக்காருங்க அண்ணாச்சி. பிள்ளை நல்லாப் படிக்குது. வாயத்தான் தெறக்க மாட்டேங்குது. நேத்து நடந்தது எனக்குப் பொறகுதான் தெரிஞ்சுச்சு. இனிமே கிளாஸ்ல யாருமே வாயால கேக்கக் கூடாது, சுண்டுவிரலக் காட்டினாப் போதும்னு சொல்லிட்டேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுதான்.”

என் மகளுக்கு மட்டும் விரலைக் காட்டச் சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அதுவே இன்னொரு கேலியாகியிருக்கும். அதையும் யோசித்து முழு வகுப்பையும் மாற்றியிருந்தார் அந்த அம்மா.

“காது நல்லாக் கேக்குதான்னு மொதல்ல மதுரையில காட்டிருங்க” என்றும் அவரே சொன்னார். “வசம்பு கிசம்பெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. பாவம், பிள்ளை.”

கடையை அடைத்துவிட்டு மூன்று பேரும் மதுரைக்குப் பஸ் ஏறினோம். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்தார்கள். காதில் ஒரு குறையும் இல்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தது ஒரு இளம்பெண். படிப்பை முடித்து அங்கே வேலை பழக வந்திருந்தவள், என் கடைசித் தங்கையின் வயதுதான் இருக்கும். வெளியே அத்தனை கூட்டம் காத்துக்கிடக்க, அவள் எங்களிடம் அவசரமே காட்டவில்லை. என் மகளைப் படுக்க வைத்து, வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“நாக்குல ஒரு குறையும் இல்லைங்க. அறுக்க வேண்டியதெல்லாம் ஒண்ணும் கிடையாது.”

என் மனைவி அங்கேயே அழுதுவிட்டாள்.

“நீங்க ‘த’ன்னு சொல்லிப் பாருங்க. நாக்கு நுனி பல்லைத் தொடுதா? இப்ப ‘க’ன்னு சொல்லுங்க. நுனி கீழ சும்மா கிடக்கும். பின்பக்கம் மேல எந்திரிச்சு அண்ணத்தத் தொடும். பாப்பாவுக்கு அந்தப் பின்பக்கத்த எழுப்பத் தெரியலை. நுனிதான் முந்திக்கிட்டு ஓடுது. வேற ஒண்ணுமில்ல.”

நான் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். அவள் சொன்னபடியேதான் இருந்தது. அந்த வயது வரைக்கும் எத்தனை ஆயிரம் தடவை கடுகு, கருப்பட்டி என்று சொல்லியிருப்பேன்! நாக்கு உள்ளே என்ன செய்கிறது என்று ஒருநாளும் கவனித்ததில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். மல்லாக்கப் படுக்க வைத்தால் நாக்கு தானாகப் பின்னால் போகும். வாயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் தொண்டையில் கொப்பளிக்கச் சொல்ல வேண்டும். ஸ்பூனின் பின்பக்கத்தால் நாக்கு நுனியை மெல்ல அமுக்கிக்கொண்டு சொல்ல வைக்கலாம். முதலில் வெறும் சத்தம் மட்டும். பிறகு எழுத்து. அதற்குப் பிறகுதான் வார்த்தை. கிளம்பும்போது ஒன்று சொன்னாள்.

“ஆள் முன்னால சொல்லச் சொல்லாதீங்க. தப்பாச் சொன்னா ‘தப்பு’ன்னு சொல்லாதீங்க. நீங்க சரியாச் சொல்லிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிருங்க.”

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகக் கடை மேஜையில் பிள்ளையை உட்கார வைத்து வேடிக்கை பார்ப்பதை நிறுத்தினேன். காலையில் கடை திறப்பதற்கு முன்னால் அரிசி மூட்டைகளின் மேல் அவளை மல்லாக்கப் படுக்க வைப்பேன். அவள் அம்மா வாயில் தண்ணீர் ஊற்றுவாள். பிள்ளை கொப்பளிப்பாள், பாதித் தண்ணீர் என் சட்டையில் தெறிக்கும். அவளுக்கு அது விளையாட்டுத்தான். கொப்பளிக்கும்போது தொண்டையில் சத்தம் வரும். தண்ணீர் இல்லாமல் சொல்லச் சொன்னால் மறுபடியும் ‘த’. ஸ்பூனை வைத்தால் சிரிப்பு வந்துவிடும். வாரக்கணக்கில் இப்படியே போனது. எனக்கு நம்பிக்கை குறையத் தொடங்கியது. வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் கடைக்கு வத்தல் லோடு வந்தது. புது மிளகாய் வத்தல். மூட்டையை இறக்கிப் போட்டதும் நெடி கிளம்பி, கடையில் நின்ற எல்லோரும் இருமினோம். என் மகளும் கண்ணில் நீர் வழிய இருமினாள். ‘க்... க்... க்ஹா’ என்று ஒரு இருமல். என் மனைவி உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

“ஏங்க, கேட்டீகளா? அந்தச் சத்தந்தாங்க!”

பிள்ளையை வெளியே தூக்கிக்கொண்டு போனோம். முகத்தைக் கழுவிவிட்டு, “இப்ப இருமுனியே, அதே மாதிரி பொய்யா இருமு பாப்பம்” என்றேன். அவள் இருமினாள். “இன்னும் மெதுவா” என்றேன். ‘க்’ என்றாள். ஸ்பூன் இல்லை, தண்ணீர் இல்லை. வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, கண் சிவந்து மூக்கு ஒழுக, ‘க்’ என்றாள். நானும் என் மனைவியும் அவளுக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பொய்யாக இருமிக்கொண்டிருந்தோம். வத்தல் இறக்க வந்த லோடுமேன் எங்களுக்கு என்ன ஆயிற்றோ என்று செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

அதற்குப் பிறகு ‘கா’ வந்தது. ‘கீ’ வந்தது. காக்காய் காக்காயாகவே வந்தது. ஆனால் அதோடு ஒரு கூத்தும் வந்து சேர்ந்தது. புதிதாகக் கற்றுக்கொண்ட ‘க’வை அவள் எல்லா இடத்திலும் போடத் தொடங்கினாள். தண்ணீர் ‘கண்ணி’ ஆனது. அத்தை ‘அக்கை’ ஆனாள். மதுரைக்குப் போனபோது அந்தப் பயிற்சிப் பெண்ணிடம் பயந்துகொண்டே சொன்னேன். அவள் கையைத் தட்டிச் சிரித்தாள். “நல்ல அறிகுறிங்க. ரெண்டும் வேற வேறன்னு இப்பத்தான் அவளுக்குப் பிடிபடுது. விட்டுருங்க, தானாப் பிரிச்சுக்கிருவா.” அதேபோல் பிரித்துக்கொண்டாள்.

தனிச் சொல்லாகச் சொல்ல வந்தது, பேச்சில் வர நாளானது. அதற்கு உதவியவர் நரிக்குடிப் பக்கத்திலிருந்து ஆடு விற்க வந்து போகிற ஒரு அம்மா. சந்தை முடிந்து ஊருக்குப் பஸ் ஏறுமுன் எங்கள் கடையில் சாமான் வாங்குவார். அவர் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார். என் மகளிடம்தான் சொல்வார்.

“தாயி, எனக்குக் கடுகு வேணும், கடலைப்பருப்பு வேணும். ஒங்கப்பன்கிட்ட சொல்லு.”

அவள் என் பக்கம் திரும்பி, ஒவ்வொன்றாக யோசித்து, நாக்கைச் சரிபார்த்துக்கொண்டு சொல்வாள். நேரமாகும். அந்த அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேசாமல் நிற்பார். ஒருநாள் பின்னால் நின்றவர் பொறுமையிழந்து, “சின்னப்பிள்ளகிட்ட என்ன பேச்சு, சாமானப் போடுங்க அண்ணாச்சி” என்றார்.

அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இருய்யா. பிள்ளை சொல்லிக்கிட்டிருக்கால்ல?”

அவ்வளவுதான். என் மகள் ‘கடலைப்பருப்பு’ என்று சொல்லி முடித்தாள். அதைப் பொட்டலம் மடித்து, அந்த அம்மாவிடம் நீட்டச் சொல்லி அவள் கையிலேயே கொடுத்தேன்.

அந்த வருஷ முழுப்பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் டீச்சர் மறுபடியும் கடைக்கு வந்தார். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை.

“ஒங்க பொண்ணு இன்னிக்கு ஒருத்தனத் திட்டிருச்சு, அண்ணாச்சி.”

“என்ன டீச்சர் சொன்னா?”

“பென்சிலப் பிடுங்கிட்டானாம். ‘போடா களுதை’ன்னு கிளாஸே கேக்கச் சத்தம் போட்டுருச்சு. அடிக்கத்தான் கையத் தூக்குனேன். அந்தக் ‘க’வக் கேட்டுட்டு எப்பிடி அடிக்கிறது? ‘ழ’தான் ‘ள’வாப் போச்சு. அது நம்ம ஊருல எல்லாருக்கும் அப்பிடித்தான, விடுங்க.”

அவர் சிரித்தார். நான் கருப்பட்டி மிட்டாய் டப்பாவைத் திறந்து, கடையில் நின்றவர்கள் எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். மகள் பையனைத் திட்டிவிட்டாள் என்று எப்படிச் சொல்வது?

அடுத்த முறை மதுரைக்குப் போனபோது அந்தப் பயிற்சிப் பெண் அங்கே இல்லை. பயிற்சி முடிந்து சொந்த ஊருக்குப் போய்விட்டாளாம். அவளுக்கென்று கொண்டுபோன கருப்பட்டியையும் கடலை மிட்டாயையும் அந்த அறையில் இருந்த மற்றவர்களிடம் கொடுத்துவிட்டு வந்தோம். அவளுக்கு நேரில் நன்றி சொல்ல முடியவில்லை என்பது இன்றைக்கும் எனக்குக் குறைதான். எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று என் மனைவி விளக்கேற்றும்போதெல்லாம் சொல்வாள்.

பிறகு செய்தி பரவியது. தொண்ணூறுகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் கடைக்கே சிலர் வரத் தொடங்கினார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு எழுத்துத்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுவேன். காதைச் சோதித்துவிட்டு வாருங்கள் என்று எல்லோரையும் மதுரைக்கு அனுப்புவேன். அப்படிப் போன ஒரு பெண் குழந்தைக்கு உண்மையிலேயே காது மந்தமாக இருந்தது. மெஷின் மாட்டிய பிறகு பேச்சு தெளிந்தது. மற்றவர்களுக்கு, அந்த இளம்பெண் எங்களிடம் சொன்னதை ஒரு சொல் விடாமல் அப்படியே சொல்வோம். என் மகளே ஸ்பூனை எடுத்துக்கொண்டு வந்து, பெரிய மனுஷி மாதிரி படுத்துக் காட்டுவாள்.

அருப்புக்கோட்டையில் தறி ஓட்டுகிற ஒருவர், ‘க’ வராத தன் மகனோடு வந்தார். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். தெலுங்கில் பழக்குவதா தமிழில் பழக்குவதா என்று அவருக்குக் குழப்பம். “வீட்டுல எதப் பேசுறீகளோ அதுலயே பழக்குங்க. நாக்குக்குப் பாஷை கிடையாதுல்ல” என்று அனுப்பினேன். பல வாரங்கள் அவரைக் காணவில்லை.

ஒரு மத்தியானம் பஸ்ஸை விட்டிறங்கி, மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

“அண்ணாச்சி, கோடி! கோடி வந்துருச்சு, அண்ணாச்சி!”

கடையில் நின்றவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “லாட்டரியா?” என்று ஒருவர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். “எந்த டிக்கெட்டுய்யா, எங்க வாங்குன?”

“அய்யோ, அது இல்லங்க. எங்க பாஷையில கோடின்னா கோழி. காலையில எங்க வீட்டுக் கோழியப் பாத்து இவனாச் சொன்னானுங்க!”

பையன் தோளிலிருந்தபடியே எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தான். பிறகு அவனாகவே, “கோடி” என்றான்.

கையைப் பிடித்திருந்தவர் விடவில்லை. அப்படியே குலுக்கினார். அந்தத் தறிக்காரர் அழுதுகொண்டே சிரித்தார். என் மகள் உள்ளேயிருந்து வந்து அந்தப் பையனுக்கு ஒரு கடலை மிட்டாய் கொடுத்தாள்.