மிளகாய்த்தூள் படிந்த பக்கங்கள்

அந்தப் புத்தகங்களைத் திறந்தால் முதலில் தும்மல் வரும். வறுத்து இடித்த மிளகாய்த்தூளின் நெடி தாள்களுக்கிடையில் ஊறிப்போயிருக்கும். விரல் பிடித்துத் திருப்பிய மூலைகளில் பெருவிரல் அடையாளங்கள் செங்கபில நிறத்தில் வரிசையாக இருக்கும். நான் அரைக் காற்சட்டையில் தொடங்கி வேட்டி கட்டத் தொடங்கிய வயது வரை, அடுத்ததாக எந்தப் புத்தகத்தை வாசிப்பது என்பதை அந்தத் தூளைப் பார்த்தே தீர்மானித்தேன். தொடக்கப் பக்கங்களோடு தூள் நின்றுவிட்டால் அது 'சப்பை'ப் புத்தகம், பிறகு பார்க்கலாம். கடைசிப் பக்கம் வரை போயிருந்தால் வாசித்தவரால் கீழே வைக்க முடியவில்லை என்று பொருள், அதை அன்றைக்கே தொடங்கிவிடுவேன். இப்போது ஒஸ்லோவில் பென்சன் எடுத்துக்கொண்டு, விமர்சகர்களின் சிபாரிசு, பரிசு பெற்ற நூல்களின் பட்டியல், பின்னட்டைப் புகழுரை என்று உலகத்தார் புத்தகம் தேர்ந்தெடுக்கும் நடைமுறைகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். தூளைவிட நேர்மையான நடைமுறை ஒன்றை நான் இன்னும் காணவில்லை. நேர்மை தூளில் இருந்தது, கொண்டுவந்தவனிடம் இருக்கவில்லை.

கொண்டுவந்தவன் என் வகுப்புத் தோழன் இராசநாயகம், எங்களுக்கு ராசன். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் எங்கள் வாசிகசாலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இரவல் கிடையாது. ஆனால் ராசனின் ஐயா அதன் தனாதிகாரி. தனாதிகாரியின் வீட்டுக்குப் போகும் புத்தகத்தை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள் என்பது எழுதப்படாத விதி. ராசன் அங்கிருந்து இரண்டு மூன்றாகப் பையில் கொண்டுவந்து, வகுப்பு தொடங்குமுன் என்னிடம் தருவான். தூளைப் பற்றி ஒருநாள் கேட்டபோது, "சாப்பிடேக்கையும் வாசிக்கிறனான் மச்சான், விடேலாமல் கிடக்கும்" என்றான். நான் நம்பினேன். நம்பியது மட்டுமல்ல, சோற்றுக் கையோடு வாசிக்கும் அவனுக்கு முன்னால் கைகழுவிவிட்டு வாசிக்கும் நான் இரண்டாந்தர வாசகன் என்று வெட்கமும் பட்டேன்.

அவனுக்கு ஒரு வயது மூத்த அக்கா ஒருவர் இருந்தார், புவனாக்கா. வாசல் படலையடியில் நின்று கூப்பிட்டால், "அவன் இல்லை" என்று உள்ளேயிருந்து வரும் குரலாகவும், அந்தக் குரலுக்காகச் சற்று நின்று மறுபடி தொடங்கும் உலக்கைச் சத்தமாகவும் மட்டுமே அவரை அறிவேன்.

ராசனிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. முந்திய புத்தகத்தைப் பற்றி வாக்குமூலம் கொடுக்காமல் அடுத்ததைத் தர மாட்டான். "கதையை விடு. நீ என்ன நினைச்சனி? அதைச் சொல்லு" என்பான். எனக்கு அது பெருமையாக இருந்தது. அவ்வளவு வாசித்தவன் என்னுடைய அபிப்பிராயத்தைக் கேட்கிறான்! பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் வழி முழுவதும் நான் சொல்லிக்கொண்டு வருவேன். அவன் ஒரு சொல்லும் மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொண்டு வருவான். ஒரு நாவலில், புருசனும் மாமியாரும் கூடி ஏமாற்றிய ஒருத்தி கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் மன்னித்துவிடுவாள். "அவள் மன்னிச்சது பிழையடா, எழுதினவருக்குக் கடுதாசி முடிஞ்சுபோச்சுப் போலை" என்றேன். ராசன் அதை இரண்டு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். ரசிக்கிறான் என்று நினைத்தேன்.

பிறகு ராசன் கொழும்புக்குப் படிக்கப் போனான், இலண்டனில் பொறியியலாளர் ஆனான். நான் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராகி, எண்பதுகளின் கடைசியில் இங்கே வந்து, நகரசபை அலுவலகம் ஒன்றில் விண்ணப்பங்களைச் சரிபார்த்து ஓய்வு பெற்றேன். ஒஸ்லோவின் விளிம்பில், புருசெத்தில் எங்கள் அடுக்குமாடி 'புளொக்'கில் இருக்கும் தமிழரில் பாதிப் பேருக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான்தான். எந்தப் படிவத்துக்கு எந்தக் கதவு, எந்தக் கதவுக்கு எந்த மேலதிகாரி என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு விண்ணப்பத்தின் கையொப்பம் விண்ணப்பகாரருடையதுதானா என்பதை ஒரு பார்வையில் சொல்லிவிடுவேன் என்ற இறுமாப்பும் இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் ஓர் இலையுதிர் காலத்தில், எங்கள் ரயில் பாதையிலேயே ட்வெய்ட்டாவில் இருக்கும் மகனைப் பார்க்க ராசன் வந்தான். அந்தச் சனிக்கிழமை நகரத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நூல் வெளியீடு. இலண்டனிலிருந்து வந்த பெரிய வாசகர் என்று அவனைச் சிறப்புரைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "நல்ல வாசகன் அடுத்த புத்தகத்தைத் தேடிப் போவதில்லை, அது அவனைத் தேடி வரும்" என்று தொடங்கினான். பதினைந்து வயதுக்குள் வாசிகசாலையை முடித்துவிட்டதாகச் சொன்னான். பிறகு, அந்த மன்னிக்கும் பெண்ணைப் பற்றி, எழுதினவருக்குக் காகிதம் முடிந்துவிட்டது போலும் என்று தான் அந்த வயதிலேயே சொன்னதாகச் சொன்னான். மண்டபம் சிரித்துக் கைதட்டியது. நானும் தட்டினேன். வயது போனால் யாருடைய வசனம் யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் போவது இயல்புதானே.

திரும்பும்போது சுரங்க ரயிலில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம்.

"என்ரை வசனத்தைச் சொல்லிக் கைதட்டு வாங்கிப்போட்டாய்," என்றேன் பகிடியாக.

"அட, அது உன்ரையோ? ஓமென்ன!" என்று தொடையில் தட்டிச் சிரித்தான்.

"அந்தப் புத்தகத்திலை கடைசிப் பக்கத்திலையும் தூள் இருந்தது. சோறு ஆறினதும் தெரியாமல் வாசிச்சிருப்பாய்."

"எனக்கெங்கை மச்சான் பொறுமை? நான் உதுகள் ஒண்டும் வாசிக்கேல்லை. அது அக்கான்ரை கை. தூள் இடிச்சு இடிச்சு வாசிப்பா. பொம்பிளைப்பிள்ளை வாசிகசாலைக்குப் போகேலாதெல்லே, அவ சொல்லுறதை நான் எடுத்துக் குடுக்கிறது. பிறகு, நீயும் வாசி, என்ன நினைக்கிறாய் சொல்லு எண்டு ஒரே ஆய்க்கினை. அதுதான் உன்னட்டைக் கேட்டுக்கொண்டு போய்ச் சொல்லுறனான்."

"நீ நினைச்சது எண்டோ?"

"பின்னை? உன்ரை பேரைச் சொன்னால் என்னை விட்டிடுவாவே?" அவன் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. "அக்கா தங்கமான மனுசி, தெரியுமோ. ரண்டு பேரிலை ஒராளைத்தான் கொழும்புக்கு அனுப்பேலும் எண்டு ஐயா சொல்ல, 'தம்பி எவ்வளவு ஆழமாய் யோசிச்சுக் கதைக்கிறான், அவனை அனுப்புங்கோ, நான் வீட்டிலை நிக்கிறன்' எண்டு சொன்னது அவதான். படிப்பிலை என்னைவிடக் கெட்டிக்காரி. சரி மச்சான், ட்வெய்ட்டா வந்திட்டுது."

இறங்கிக் கை காட்டினான். கதவு மூடியது. புருசெத் வரும்வரை எதிரே கறுத்த கண்ணாடியில் தெரிந்த கிழவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சை மண்டபத்தில் ஒருவனுக்காக இன்னொருவன் எழுதினால் அதற்கு ஆள்மாறாட்டம் என்று பெயர், இருவரையும் வெளியே அனுப்புவார்கள். இங்கே எழுதியவனுக்கே தான் எழுதுவது தெரியாது, திருத்திய அக்காவுக்கு யாருடைய விடைத்தாள் என்பது தெரியாது. வெளியே அனுப்பப்பட்டது திருத்தியவர்.

வீட்டில் சொன்னபோது மனைவி, "அம்பது வருசத்துக்குப் பிறகு அப்பீலோ? உங்கடை ஒபீசிலை மூண்டு கிழமைதானே தவணை?" என்றாள். அது சரி. ஆனால் ஒரு தீர்மானத்தைப் பாதிக்கப்பட்டவருக்கு அறிவிக்காதவரை தவணை தொடங்குவதில்லை என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. ராசனிடமே அக்காவின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கினேன். சுகம் விசாரிக்க என்று நினைத்துச் சந்தோசமாகத் தந்தான். புவனாக்கா கொழும்பில், வெள்ளவத்தையில் மகளோடு இருந்தார். கடையில் ஒரு தொலைபேசி அட்டை வாங்கி வந்து அழைத்தேன்.

"ஆர்? எந்தச் சிவலிங்கம்?"

"ராசனோடை படிச்சனான், அக்கா. ஒழுங்கை முடக்கு வீடு. படலையிலை நிண்டு கூப்பிடுறது."

"ஓ, அந்தத் தம்பியே! நீங்கள் வந்து கூப்பிட்டால் எனக்கு உலக்கை கைமாறிப்போகும்," என்று சிரித்தார். அதே குரல்.

நான் சொன்னேன். அலுவலகத்தில் சொல்வதுபோல, வரிசைப்படி, ஒரு விபரமும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

"அவன் சொல்லுறதை வைச்சுத்தான் தம்பி, அடுத்த புத்தகம் எது எடுக்கிறதெண்டு நான் யோசிக்கிறது," என்றார் அக்கா. "இது அவனுக்குப் பிடிக்கும், இதுக்கு அவன் சண்டைக்கு வருவான் எண்டு பாத்துப் பாத்துச் சொல்லிவிட்டனான். அப்ப உங்களுக்கோ நான் எடுத்தனான்?"

"ஓம், அக்கா."

"எல்லாரையும் மன்னிக்கிற ஒருத்தி. அவள் செய்தது பிழை எண்டு சொன்னது ஆர்? நீங்களோ, அவனோ?"

"நான்தான்."

"அது சரிதான், தம்பி," என்றார். தொலைபேசியை வைத்துவிட்டார்.

பிறகு நான் அழைக்கவில்லை, அவரும் அழைக்கவில்லை. புருசெத் நூலகத்துக்கு இப்போதும் போகிறேன். இல்லாத தமிழ்ப் புத்தகத்தை வேறு கிளையிலிருந்து வரவழைக்கும் வழி அங்கே வேலை செய்பவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் திறக்கிறேன். பிளாஸ்டிக் உறைபோட்ட, சுத்தமான, எந்தக் கையும் படாதது போன்ற புத்தகம், தும்மல் வருவதில்லை. இதை எனக்கென்று எடுத்து வைத்தவர் யாரும் இல்லை என்று தெரிகிறது, திரும்ப வைத்துவிடுகிறேன். ராசன் மாத்திரம் மாதம் ஒருமுறை இலண்டனிலிருந்து அழைக்கிறான். அங்கே எங்கோ அவன் பேச வேண்டிய கூட்டம் இருக்கும்.

"மச்சான், இப்ப என்ன வாசிக்கிறாய்? கதையை விடு, என்ன நினைக்கிறாய் சொல்லு."

ஒன்றும் வாசிக்கவில்லை என்கிறேன். அது உண்மையும்கூட.