நாலு ஷாக்கும் தேங்காயெண்ணெயும்

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, சார்ஜாவில் வேலை பார்த்த என் மாமா இரண்டு மாத விடுப்பில் ஊருக்கு வந்தார். எனக்காக ஒரு ரிமோட் பந்தயக் கார் கொண்டுவந்திருந்தார். எனக்காக என்று சொன்னது அவர்தான். நான் அதை ஓட்டிய நேரத்தையெல்லாம் சேர்த்தாலும் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு இடைவேளை அளவுக்குத் தேறாது.

வீட்டுக்குப் பின்னால் சம்பா அறுத்த வயல் வெடித்துக் கிடந்தது. கார் வரப்பில் ஏறித் தாவி இறங்கும். நான் கைதட்டுவதற்குள் மாமா ஓடிவந்துவிடுவார்.

"நிறுத்து, நிறுத்து. பின்னாடி உதைக்குது பாரு."

எனக்கு ஒன்றும் தெரியாது. கார் ஓடியது, தாவியது, விழாமல் இறங்கியது. அதற்கு மேல் ஒரு கார் என்னதான் செய்ய வேண்டும்?

உடனே அது வீட்டுக்குள் போய்விடும். சக்கரங்களின் அதிர்வைத் தாங்கும் நான்கு ஷாக்கையும் கழற்றி அம்மாவின் சாப்பாட்டுத் தட்டில் வைப்பார். ஒவ்வொன்றும் விரல் நீளக் குழாய். வெளியே ஸ்பிரிங், உள்ளே எண்ணெய். எண்ணெய் இளகலாக இருந்தால் கார் பந்துபோல் குதிக்கும், கெட்டியாக இருந்தால் மரக்கட்டைபோல் விறைத்து நிற்கும். ஊற்றிய எண்ணெயில் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. உள்ளே இருக்கும் கம்பியை மெதுவாக ஏற்றி இறக்கி, குமிழி மேலே வரும்வரை காத்திருப்பார். நானும் காத்திருப்பேன். பள்ளிவாசலில் சாயங்கால அசர் பாங்கு சொல்லிவிடுவார்கள், குமிழி வந்துகொண்டே இருக்கும். ஸ்பிரிங்கை அரைச் சுற்று இறுக்குவார். யோசித்துவிட்டு அதே அரைச் சுற்றைத் தளர்த்துவார்.

"இதை அந்தப் புள்ளைக்குக் கொண்டாந்தியா, உனக்குக் கொண்டாந்தியா?" என்பாள் அம்மா.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கக்கா."

ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடிக்கு வெளியே ஓர் அறுத்த வயலில், இப்படிக் கார் வைத்திருப்பவர்கள் கூடிப் பந்தயம் விடுவதாக இருந்தது. மாமா பெயர் கொடுத்திருந்தார்.

சனிக்கிழமை மதியம் குமிழி போகட்டும் என்று ஷாக்குகளை மூடி திறந்தபடி ஒரு டம்ளரில் நிறுத்திவிட்டு, மாமி தங்கியிருந்த அவருடைய அம்மா வீட்டுக்குப் போனார். அவர் வருவதற்குள் நானே மாட்டி ஒரு சுற்று ஓட்டிவிடலாம் என்று டம்ளரை இழுத்தேன். அது சாய்ந்தது. நான்கு ஷாக்கின் எண்ணெயும் தரையில். அவருடைய எண்ணெய்ப் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை.

குளியலறையில் தேங்காயெண்ணெய் இருந்தது. எண்ணெய் எண்ணெய்தானே. ஊற்றி, அவரைப் போலவே கம்பியை ஏற்றி இறக்கி, மூடியைத் திருகி, காரில் மாட்டியும் வைத்தேன். ஓட்டும் தைரியம் மட்டும் போய்விட்டது.

மாமா மறுநாள் விடியலில்தான் வந்தார். தை மாதப் பனி. குளியலறைப் புட்டியில் மீதி இருந்த தேங்காயெண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தது. மாமா காரை மேலிருந்து அழுத்தினார். மெதுவாக இறங்கி மெதுவாக எழுந்தது.

"அடேங்கப்பா, கச்சிதமா நிக்குதே! நீயா மாட்டுன?"

நான் பெருமையோடு தலையாட்டினேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பவும் செய்தேன்.

எங்கள் முறை வந்தபோது மணி பதினொன்று, நல்ல வெயில். முதல் மேட்டில் இறங்கிய கார் தவளைபோல் மூன்று தடவை குதித்தது. இரண்டாவது மேட்டில் கவிழ்ந்தது. யாரோ நிமிர்த்திவிட்டார்கள். அடுத்த திருப்பத்தில் உருண்டுபோய் வாய்க்கால் சேற்றில் மூக்கைக் குத்தி நின்றது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

மாமா ஒரு ஷாக்கைத் திறந்து, விரலில் தொட்டு முகர்ந்தார். என்னைப் பார்த்தார். காலையிலிருந்து அவர் சார் சார் என்று பேசிக்கொண்டிருந்த நீலத் தொப்பிக்காரர் பக்கத்தில் வந்தார்.

"என்ன பாய், செட்டிங்ல நீங்க பெரிய ஆளுன்னீங்க?"

"ஆயிலைத் தப்பா ஊத்திட்டேன் சார்."

திரும்பும் பேருந்தில் மாமா காரை மடியில் வைத்துச் சேற்றைத் துடைத்தார். பிறகு கேட்டார்.

"நாலுலயுமா ஊத்துன?"

"ஆமாம் மாமா."

"குமிழி எடுத்தியா?"

"எடுத்தேன்."

"சரி" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் கல்லூரி முடித்த பிறகு, ஏதோ பேச்சில் அம்மா சொன்னாள். அந்தத் தொப்பிக்காரர் தஞ்சாவூரில் இந்த மாதிரிக் கார்களை விற்கவும் பழுதுபார்க்கவும் கடை திறக்க இருந்தாராம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வண்டி ஓடுவதைப் பார்த்துவிட்டு கடையில் உங்களுக்கு வேலை தருவதை முடிவு செய்யலாம் என்று மாமாவிடம் சொல்லியிருந்தாராம். மாமி அப்போது மாசமாக இருந்தார். அந்த வேலை கிடைத்தால் சார்ஜாவுக்குத் திரும்புவதில்லை என்று இருவரும் பேசி வைத்திருந்தார்களாம். ஆயிலை மாற்றி ஊற்றியது யார் என்று அம்மாவுக்கு இன்றைக்கும் தெரியாது.

பந்தயம் நடந்த அந்த வருஷம், மாமா விடுப்பு முடியும் முன்பே கிளம்பினார். "இனிமே இது உனக்குத்தான்" என்று ரிமோட்டை என் கையில் வைத்தார். இப்போதாவது கொடுத்தாரே என்றிருந்தது எனக்கு. விமான நிலையத்துக்குப் போகும் வேன் கிளம்பியதும், அதற்குப் போட்டியாகத் தெருமுனைவரை காரை விட்டேன். நிறுத்து என்று சொல்ல ஆளில்லை. திரும்பி வந்தால் அம்மா வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். போய்விட்டு வருகிறவர்தானே, இதற்கு என்ன இத்தனை அழுகை என்று எனக்கு எரிச்சலாக வந்தது.