கடைசி வீட்டு அக்காவும் எங்கள் திடலும்

எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. நல்லவர்கள்தான். கேட்டுக்குப் பச்சை வண்ணம் அடித்திருக்கிறார்கள், கார் நிறுத்தக் கூரை போட்டிருக்கிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் அந்தக் கேட் திறக்கும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் நான் கை வேலையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்க்கிறேன். அங்கே இருந்த அக்கா ஊரைவிட்டுப் போய் நான்கு வருடம் ஆகிறது.

நாங்கள் வேலை பார்த்த தோட்டத்தை முதலாளி விற்ற பிறகு, ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட் அருகே இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்தோம். லயத்து வீடுகளில் இருந்தவர்களுக்கு இங்கே மலிவு விலை வீடுகள் கிடைத்தன. வீடு வாங்கும்போது காட்டிய வரைபடத்தில் இரண்டு வரிசைகளுக்கு நடுவில் பச்சையாக ஒரு சதுரம் போட்டு, விளையாட்டுத் திடல் என்று மலாயில் எழுதியிருந்தது. நேரில் வந்து பார்த்தால் ஆள் உயரத்துக்கு லாலாங் புல். நாங்கள் வந்த பிறகு அதற்குள் எதுதான் போகவில்லை? பழைய மெத்தை, கால் உடைந்த சோபா, யாரோ வீட்டை இடித்துக் கட்டியபோது கொட்டிய ஓடுகளும் செங்கல்லும். இரண்டு முறை நல்ல பாம்பு வந்து தீயணைப்புக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் ரோட்டில், நிற்கும் கார்களுக்கு நடுவில் பந்து விளையாடினார்கள். நகராண்மைக் கழகத்துக்கு மனு எழுதினோம். ஆட்கள் வந்து ரோட்டோரமாக இரண்டடி வெட்டிவிட்டுப் போனார்கள்.

கடைசி வீட்டு அக்கா ஈப்போவில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை பார்த்தார். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள் ஜொகூரில் மருத்துவமனைத் தாதியாக இருந்தாள். தெருவிலேயே மாதா கோயிலுக்குப் போகும் குடும்பம் அவர்களுடையது மட்டும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர் சேலையை மாற்றிக்கொண்டு, ஹோட்டலில் கொடுத்த முழுக்கை சட்டையும் ரப்பர் பூட்ஸும் போட்டு, பாராங் கத்தியோடு தனியாகப் புல்லுக்குள் இறங்கினார். நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். என் வீட்டுக்காரர் பின்னால் வந்து, "ஒரு வாரம் வெட்டுவாங்க, அப்பறம் விட்டுருவாங்க பாரு" என்றார்.

அடுத்த வாரமும் வெட்டினார். அதற்கடுத்த வாரமும். மூன்றாவது வாரம் பார்த்தபோது எங்கள் முன்னறை அளவுக்கு மண் தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. நான்காவது ஞாயிறு போய் நின்றேன்.

"அக்கா, இன்னொரு பாராங் இருக்கா?"

"பாராங் இருக்கு. கையுறைதான் இல்ல. நாளைக்குக் கையெல்லாம் கொப்புளமாயிரும், பரவால்லயா?"

"ஏங்க்கா, எல்லார்கிட்டயும் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா கூட்டம் போடுவாங்கமா. கூட்டம் போட்டா டீ குடிப்பாங்க. டீ குடிச்சா வீட்டுக்குப் போயிருவாங்க. அவ்ளோதான்லா."

மறுநாள் கை கொப்புளமானது. தொழிற்சாலையில் சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்தும் வேலை எனக்கு. விரல் மடங்காமல் திட்டு வாங்கினேன். ஆனாலும் அடுத்த ஞாயிறு எப்போது வரும் என்று இருந்தது.

இரண்டு பெண்கள் வெயிலில் நிற்பதைப் பார்த்து ஒவ்வொருவராக வந்தார்கள். எதிர் வரிசை மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுபவர், பிளாஸ்டிக் ஜக்கில் பால் கலக்காத தே ஓவும் வாழைப்பழப் பொரியலும் கொண்டு வந்தார். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர். செம்மண் கொண்டு வந்து பள்ளங்களில் கொட்டினார். அவருடைய தம்பி, என் கொழுந்தன், மூன்றாவது வீட்டில் இருந்தார். புல் வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினால் மத்தியானம் வரை நிறுத்த மாட்டார். பின்னால் நடந்ததை நினைத்து அவர் உழைப்பை நான் குறைத்துச் சொல்லக் கூடாது. எங்கள் எல்லாரையும்விட அவர்தான் அதிகம் உழைத்தார்.

எட்டு மாதம் ஆனது. ஏழு குடும்பங்கள் ஞாயிறுதோறும் வந்தோம். நிலம் தட்டையானதும் நகராண்மைக் கழகத்துக்கு மறுபடி எழுதினோம். இந்த முறை அவர்களே வந்து பார்த்துவிட்டு இரண்டு விளக்குக் கம்பங்களும் ஓர் ஊஞ்சலும் வைத்துக் கொடுத்தார்கள். நாங்கள் சுற்றிலும் நடைபாதை போட்டோம். அக்கா அங்சானா மரக் கிளைகளை வெட்டி வந்து வரிசையாக ஊன்றினார். "இது செத்தாலும் வளரும்" என்றார். அப்படியே வளர்ந்தன.

வேலைக்கு நடுவில் நானும் அவரும் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவோம். எனக்கு உடன்பிறந்த பெண்கள் கிடையாது. மனதில் இருப்பதைச் சொல்ல ஆள் இல்லை என்பதே அந்த வாளியில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒருநாள் அக்கா சொன்னார்: "பதினாலு வருசமா ஹோட்டல்ல கட்டில் விரிக்கிறேன். ஒரே ஒரு நாள் படுத்துப் பாத்தேன். கதவச் சாத்திட்டு, ஒரு நிமிசம். எப்டிதான் இருக்கும்னு பாக்கணும்ல. அப்பறம் எழும்பி மறுபடியும் விரிச்சேன்."

"எப்டிக்கா இருந்துச்சு?"

"பயத்துல ஒண்ணும் தெரியலமா" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அன்றைக்கு நானும், ஆசிரியர் கல்லூரிக்கு மனு போட்டுக் கிடைக்காமல் போனதையும், அந்தக் கடிதத்தை இன்னும் துணிக்கடியில் வைத்திருப்பதையும் சொன்னேன். அதுவரை என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

அடுத்த வருடம் கோயில் பிரச்சினை வந்தது. பழைய தோட்டத்து முனீஸ்வரர் கோயில் அங்கேயே இருந்தது. நிலத்தை வாங்கியவர்கள் அதை நகர்த்தச் சொல்லிவிட்டார்கள். சாமியைத் திடலின் ஒரு மூலைக்குக் கொண்டு வரலாம் என்று பேச்சு எழுந்தது. கொழுந்தன் முன்னின்றார். எனக்கும் அந்தச் சாமிமேல் பக்தி உண்டு. என் மகனுக்கு முதல் முடி இறக்கியது அங்கேதான். ஆனால் பேசப் பேச அந்த மூலை பெருகிக்கொண்டே போனது. கோயில், அதற்கு முன்னால் கொட்டகை, பக்கத்தில் சமையல்கட்டு, கார் நிறுத்த இடம் என்று பாதித் திடல் போய்விடும்போல் இருந்தது.

வாளியில் உட்கார்ந்தபோது அக்காவிடம் நான்தான் சொன்னேன். "சாமிக்கு வேற எடம் பாக்கலாம்க்கா. இது பிள்ளைங்க ஓடுற எடம். இவ்ளோ கஷ்டப்பட்டு வெட்டுனோம்."

அவர் பாராங்கில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார். பிறகு, "கூட்டத்துல சொல்லு" என்றார்.

"எனக்குப் பயமா இருக்கு. நீங்க ஆரம்பிங்க. நான் பின்னாலயே எழும்பி சொல்றேன்."

"நெசமா சொல்லுவியா?"

"சொல்றேன்க்கா."

கூட்டம் ஒரு ஞாயிறு சாயங்காலம் பாலாய் ராயா பொது மண்டபத்தில் நடந்தது. நாற்பது பேர் இருப்போம். என் வீட்டுக்காரர் முன்வரிசையில் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் அக்காவுக்கு இரண்டு நாற்காலி தள்ளி. அக்கா எழுந்து, நான் சொன்ன அதே வார்த்தைகளை என்னைவிட அழகாகச் சொன்னார். சாமியை எங்கே வைப்பது என்பதை எல்லாரும் சேர்ந்து தேடலாம் என்றும், பாதையோரம் இடம் கேட்டு நிலக்காரரிடம் தானே வந்து பேசுவதாகவும் சொன்னார்.

கொழுந்தன் திரும்பிப் பார்த்தார். கத்தவில்லை. "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க சேர்ச்சுக்குப் போறவங்க. எங்க சாமி எங்க இருக்கணும்னு நீங்க ஏன் சொல்றீங்க?"

"நான் சாமிய வேணாங்கல தம்பி. பிள்ளைங்களுக்கு எடம் கேக்குறேன்."

பின்னாலிருந்து ஒருவர், "இன்னிக்குக் கோயில் வேணாம்பாங்க, நாளைக்கு அங்க சிலுவ நிக்கும்" என்றார். யாரோ சிரித்தார்கள்.

அக்கா என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை. இப்போது எழுந்திரு என்று சாதாரணமாக ஒரு பார்வை. நான் என் செருப்பைப் பார்த்தேன். என் இடது செருப்பில் வார் பிய்ந்திருந்தது. இன்றைக்கும் எனக்கு அந்த வார் நூல் நூலாக ஞாபகம் இருக்கிறது. அக்கா இன்னும் சற்று நின்றுவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிறு கடைசி வீட்டுக் கேட் திறக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து நான் கோழிக்கறி சமைத்துக்கொண்டு போனேன். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், வெயில் அதிகமாக இருக்கிறது என்றார். மறுநாள் பாத்திரத்தைக் கழுவி, அதில் நாலு மாம்பழம் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். திட்டியிருந்தால் அங்கேயே அழுது தீர்த்திருப்பேன். அவர் திட்டவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை; கேட்டால் என் வீட்டுக்காரரையும் கொழுந்தனையும் விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது மாதம் மகள் வேன் எடுத்துக்கொண்டு வந்தாள். அம்மாவுக்கு முட்டிவலி, இனிமேல் தனியாக விட முடியாது என்று மக்சிக்கிடம் சொன்னாளாம். சாமான் ஏற்றும் நாள் எனக்கு முன்பே தெரியும். அன்றைக்கு நான் கேட்டு வாங்கி ஓவர்டைம் செய்தேன். வீட்டுக்கு வந்தபோது கடைசி வீட்டுக் கேட்டில் பூட்டுத் தொங்கியது.

கடைசியில் எங்கள் சண்டைக்கு அர்த்தமே இல்லாமல் போனது. விளையாட்டுக்கு ஒதுக்கிய நிலத்தில் கட்டடம் எழுப்ப முடியாது என்று நகராண்மைக் கழகம் எழுதிவிட்டது. பழைய தோட்டத்து நிலக்காரரே பாதையோரம் ஒரு துண்டு நிலம் கொடுத்தார். முனீஸ்வரர் அங்கே நன்றாக இருக்கிறார். அதன் பிறகு நடந்த கூட்டத்தில் கொழுந்தன் எழுந்து, "நல்லதாப் போச்சு. திடலு பிள்ளைங்களுக்குன்னு நம்ம எல்லாருக்குமே தெரியும்தானே" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

எனக்கு என்ன வந்ததோ, எழுந்துவிட்டேன்.

"அத மொதல்ல சொன்னது நான். அக்கா இல்ல. நான்தான் அவங்ககிட்ட சொன்னேன். பின்னால பேசுறேன்னு சொல்லிட்டு வாயத் தொறக்கல. அவங்க எனக்காக அசிங்கப்பட்டாங்க." சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரர் அன்றிரவு படுக்கும்போது, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றார். கொழுந்தன் அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "அங்சானா எவ்ளோ ஒசரம் வந்துருச்சு?" என்று கேட்டார். கூரை உயரம் என்றேன். "கெளைய வெட்டி வுடச் சொல்லு. காத்துக்கு ஒடைஞ்சிரும்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவ்வப்போது குரல் பதிவு அனுப்புவார். தமிழில் எழுதத் தெரியாது அவருக்கு. பேரன் அழும் சத்தம், மகள் வீட்டு மாடியில் பூந்தொட்டி வைத்த கதை. தொழிற்சாலை பஸ்ஸில் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே வருவேன். சிலவற்றை எத்தனை முறை கேட்டேன் என்று தெரியாது.

போன வருடம் சிலிம் ரிவரில் அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம். "முடிஞ்சா வாலா" என்று ஒரு பதிவு வந்தது. என் வீட்டுக்காரருக்கு அன்றைக்குப் பினாங்குக்கு லோடு. நான் ரயிலில் போவதாக இருந்தேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் கொழுந்தன் வாசலில் வந்து நின்றார். "நான் கொண்டு போய் வுடுறேன் அண்ணி." ஏன் என்று நான் கேட்கவில்லை.

மண்டபத்தில் என்னை இறக்கிவிட்டு, வெளியே வண்டி பக்கத்திலேயே நிற்பதாகச் சொன்னார். அக்கா கைத்தடியோடு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை இன்னும் காய்ப்புக் காய்ப்பாகவே இருந்தது. நான் பேச ஆரம்பிப்பதற்குள் என் தோளுக்கு மேல் வெளியே பார்த்தார்.

"தம்பிதானே அது? ஏன் வெயில்ல நிக்கிறாரு? சாப்பிட வரச் சொல்லு."

கூப்பிட்டேன். வந்தார். தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார். அக்கா தடியை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, தானே கறி எடுத்து வந்து அவர் தட்டில் வைத்தார். "போதும்க்கா" என்றார். "மெஷின் தூக்குற ஒடம்பு, சாப்பிடு" என்று இன்னும் ஒரு கரண்டி வைத்தார். கொழுந்தன் அதையும் சாப்பிட்டு முடித்தார். எழுந்து கை கழுவப் போனவர் வெகு நேரம் கழித்தே திரும்பி வந்தார்.

நாங்கள் இருவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பேரனைப் பற்றி, முட்டியைப் பற்றி, மக்சிக் ஹஜ்ஜுக்குப் போய் வந்ததைப் பற்றிப் பேசினோம். கிளம்பும்போது கேட்டேன். "ஒரு நாள் வாங்கக்கா. நாலு நாள் எங்க வீட்டுல இருங்க. திடல வந்து பாருங்க."

"வந்தா திரும்பிப் போக மனசு வராதுமா. ஜொகூர்ல மகளுக்கு நான் வேணும். அதான் வரல." என் கையைத் தட்டினார். "நீ படம் எடுத்து அனுப்பு. பாத்துக்கிறேன்."

அனுப்புகிறேன் என்றேன். இதுவரை அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் புல் வெட்டி முடித்து, கொழுந்தன் மெஷினைக் கழுவும்போது, நான் போனை எடுத்துப் படம் பிடிக்கிறேன். அங்சானா நிழல் நடைபாதை முழுக்க விழுந்திருக்கும். ஊஞ்சலில் எப்போதும் பிள்ளைகள் இருக்கும். நிறையப் படங்கள் சேர்ந்துவிட்டன. அக்காவின் பெயரை அழுத்தி, படத்தைத் தேர்ந்தெடுத்து, பிறகு வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன். படத்தில் பார்த்துவிட்டால் அவர் வரவே மாட்டாரோ என்று பயமாக இருக்கிறது.