தோட்டத்தில் பாட்டு நின்றபோது

மூன்று வருடங்களுக்கு முன்பு, மார்கழிக் குளிரில், ஏற்காட்டிலிருந்து கரடியூர் போகும் வழியில் உள்ள எங்கள் காபித் தோட்டத்தில் நடந்தது இது. தோட்டம் என்றதும் பெரிய எஸ்டேட் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றரை ஏக்கர் சரிவு, மேலே ஒரு ஓட்டு வீடு, அவ்வளவுதான். நானும் என் வீட்டுக்காரரும் திருச்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு மலையேறி வந்தவர்கள்.

நான் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தவள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊர்ப்பட்ட குரல்களைக் கேட்டுப் பழகியதாலோ என்னவோ, வீட்டில் எப்போதும் ஏதாவது ஒரு குரல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் எனக்கு. மலைக்கு வந்ததும் அதுதான் பெரிய குறையாக இருந்தது. எங்கள் வீடு மலையின் ஒரு மடிப்புக்குள் இருக்கிறது. சாதாரண ரேடியோவைத் திருகினால் எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம்தான் வரும்.

அப்புறம் எங்கள் பக்கமும் இன்டர்நெட் வந்தது. போனில் ரேடியோ ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். அடேயப்பா, எத்தனை நிலையங்கள்! கடல் தாண்டி எங்கோ ஒரு ஊரில் நம் ஆட்கள் நடத்தும் தமிழ் வானொலி எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அங்கே பனி கொட்டுகிறது, பத்திரமாக வண்டி ஓட்டுங்கள் என்று அந்த அறிவிப்பாளர் பெண் சொல்வாள். இங்கே நான் வெண்டைக்காய் வதக்கிக்கொண்டே சரி என்று தலையாட்டுவேன்.

ஒரு ஸ்பீக்கரோடு ஆசை நிற்கவில்லை. ஒயரே இல்லாமல் வைஃபையிலேயே பாடுகிற ஸ்பீக்கர்கள் மூன்று வாங்கினேன். சமையலறைக்கு ஒன்று, முன்வாசலுக்கு ஒன்று. மூன்றாவதைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு சில்வர் ஓக் மரத்தில் ஆணி அடித்து மாட்டினேன். அதுவரைக்கும் வைஃபை எட்டுவதற்குக் காபி காயப்போடும் களத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில் இன்னொரு பெட்டியையும் பொருத்தினேன். எல்லாம் நானே செய்தது. அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது. ஒரே ஒரு கோளாறு. சமையலறையில் வணக்கம் சொன்னவள் ஒரு நொடி கழித்து மரத்திலிருந்தும் வணக்கம் சொல்வாள். நம் வீட்டில்தான் மரியாதை இரண்டு மடங்கு என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

மார்கழி வந்தால் காபிப் பழம் பறிக்க ஆள் வர வேண்டும். கிளியூரிலிருந்து ஆறு பெண்கள் ஜீப்பில் வந்து இறங்குவார்கள். ஐம்பது வயதை ஒட்டிய ஓர் அம்மாதான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. அவருடைய மருமகளும் அந்த ஆறு பேரில் ஒருத்தி. இரண்டு சின்னப் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வருவாள். கை அவ்வளவு வேகம்.

பறிக்கும்போது அவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆளுக்கொரு வரிசையில் செடிகளுக்குள் புகுந்துவிடுவார்கள். அவ்வப்போது யாராவது ஒருத்தி ‘ஊ...ய்’ என்று நீளமாகக் கூவுவாள். உடனே மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கூவுவார்கள். ஆறு கூவலும் முடிந்ததும் பழையபடி அமைதி. நான் அதைக் கேட்டு என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா? பாவம், பொழுது போகாமல் கத்துகிறார்கள் என்று. அதனால்தான் அந்த வருடம் அவர்கள் வந்த முதல் நாளே தலைவியம்மாவிடம் போய், தோட்டத்திலும் பாட்டு வைக்கட்டுமா என்று ஆசையாகக் கேட்டேன்.

“இருக்கட்டுங்கம்மா” என்றார், சிரித்துக்கொண்டே.

இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாரே என்று நானும் சந்தோஷமாக வைத்துவிட்டேன். சரிவு முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தத்தையும் கூட்டி வைத்தேன். ஊய் ஊய் என்கிற கூச்சல் அன்றே குறைந்தது. மறுநாள் அறவே நின்றுபோனது. பார்த்தீர்களா, பாட்டு வந்ததும் அலுப்புத் தெரியாமல் வேலை செய்கிறார்கள் என்று என் வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன். நடுவில் ஒரு தடவை, சத்தம் அதிகமாக இருக்கிறதா என்றும் கேட்டேன். அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க என்றார்கள்.

மூன்றாம் நாள் காலையிலிருந்தே பனிமூட்டம். முன்வாசலில் உட்கார்ந்திருந்த எனக்குப் பத்தடி தள்ளி இருந்த செடி தெரியவில்லை. பத்து மணிக்கு மேல் அந்த வெளிநாட்டு வானொலியில் பழைய பாட்டுகளாகப் போட ஆரம்பித்தாள் அறிவிப்பாளர். ஒன்றை ஒன்று தூக்கிச் சாப்பிடுகிற மாதிரிப் பாட்டுகள். நான் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கூடவே முணுமுணுத்துக்கொண்டு, மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். இதைவிட ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும் என்று நினைத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பதினோரு மணி வாக்கில் கரண்ட் போனது. வாசல் ஸ்பீக்கர் சட்டென்று நின்றது. உள்ளேயே பேட்டரி இருந்த மரத்து ஸ்பீக்கர் மட்டும் மிச்சம் வைத்திருந்த பாட்டை இன்னும் அரை அடி பாடிவிட்டு, பாதி வார்த்தையில் வாயை மூடிக்கொண்டது. எனக்கு வந்ததே கோபம். நல்ல நேரத்தில் கழுத்தறுக்கிறார்கள் என்று மின்சாரக்காரர்களைத் திட்டினேன். கரண்ட் போனாலும் வைஃபை நிற்காமல் இருக்க ஒரு பேட்டரிக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன். அது மறுநாள்தான் வருவதாக இருந்தது. ஒரு நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று அதையும் சேர்த்துத் திட்டினேன்.

தோட்டம் திடீரென்று நிசப்தமானது. பனித்துளி இலையிலிருந்து சொட்டுவதுகூடக் கேட்டது. அந்த நிசப்தத்தில் தலைவியம்மா ‘ஊ...ய்’ என்று கூவினார். யாரோ பதில் கொடுத்தார்கள். அப்புறம் இன்னொரு குரல். வேலைப் பழக்கம் என்னை விடவில்லை, மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். அவரையும் சேர்த்து ஐந்தோடு நின்றது. தலைவியம்மா மறுபடி கூவினார். இந்தத் தடவை குரல் வேறு மாதிரி இருந்தது. மறுபடியும் ஐந்துதான். அதற்குப் பிறகு தோட்டத்தின் கீழ்க்கோடியிலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, “அத்தே” என்று ஒரு குரல் வந்தது.

எல்லோரும் ஓடினோம். மண் சரியாமல் இருக்கப் படிப்படியாகக் கல் அடுக்கிக் கட்டியிருப்போம் அல்லவா, அதில் கடைசிக் கல்கட்டு இடிந்திருந்தது. மருமகள் பொண்ணு கீழே மல்லாந்து கிடந்தாள். பெரிய பாறைக்கல் ஒன்று அவள் வலது கணுக்கால் மேல் உட்கார்ந்திருந்தது. உதடெல்லாம் வெளுத்துவிட்டது. சுற்றிலும் சிவப்புச் சிவப்பாகக் காபிப் பழம் சிதறிக் கிடந்தது.

என் வீட்டுக்காரர் கடப்பாரையை எடுத்துவர ஓடினார். தலைவியம்மா ஈர மண்ணில் உட்கார்ந்து அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“எத்தன நேரமாக் கெடக்கற கண்ணு?”

“ஆறு பாட்டு ஓடிருச்சுங்க அத்தே. கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்தேன்” என்றாள் அவள்.

அந்த ஆறு பாட்டும் எது எது என்று என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். ஒவ்வொன்றையும் ரசித்து ரசித்துக் கேட்டிருக்கிறேன். நான் தலையாட்டிக்கொண்டிருந்த ஒவ்வொரு பாட்டுக்கும் அடியில் இந்தப் பெண் கிடந்து கத்தியிருக்கிறாள்.

கல்லை நெம்பித் தள்ளினோம். போர்வையில் தூக்கிவந்து பக்கத்துத் தோட்டத்து ஜீப்பில் ஏற்றினோம். சேலம் போய்ச் சேருவதற்குள் அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் அவள் என் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் பிடிக்கப் பிடிக்க எனக்குக் குற்ற உணர்ச்சி கூடியது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது, கூடிவிடும் என்றார் டாக்டர். இன்னும் கொஞ்ச நேரம் கல் அப்படியே இருந்திருந்தால் பாதத்துக்கு ரத்த ஓட்டம் நின்று, பாதத்தையே எடுக்க வேண்டி வந்திருக்கலாம் என்றும் சொன்னார். வைத்தியம் முழுக்க எங்கள் பொறுப்பு என்று என் வீட்டுக்காரர் அங்கேயே சொல்லிவிட்டார்.

யாராவது என்னை ஒரு வார்த்தை திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் திட்டவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் தலைவியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “கரண்டு போனது நல்லதாப் போச்சுங்க” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் பேட்டரி வந்தது. பெட்டியைப் பிரிக்கக்கூட எனக்கு மனசு வரவில்லை.

பத்து நாள் கழித்துக் கிளியூரில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மருமகள் மாவுக்கட்டுப் போட்ட காலைக் கட்டிலில் நீட்டிக்கொண்டு, மடியில் சின்னதை வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். தலைவியம்மா காபி கொடுத்தார். குடித்து முடித்ததும், இன்னொரு டம்ளர் ஊற்றட்டுங்களா என்று கேட்டார்.

“இருக்கட்டுங்க” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் காபிப் பாத்திரத்தை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. அதே வார்த்தை. நான் சொன்னதும் அவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அவர் சொன்னபோது எனக்கு மட்டும் ஏன் புரியவில்லை? அவர் திரும்பி வந்ததும், அன்றைக்கு நான் பாட்டு வைக்கட்டுமா என்று கேட்டபோது நீங்களும் இப்படித்தானே சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“ஆமாங்க. வேண்டாம்னுதானுங்க சொன்னேன். நீங்க நொம்ப ஆசையாக் கேட்டீங்க. மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு எப்படிங்க சொல்றது? ஊடும் உங்குளுது, தோட்டமும் உங்குளுது.”

அந்தக் கூவலைப் பற்றியும் அன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதற்குக் கொரல் குடுக்கறது என்று பெயராம். செடிக்குள் புகுந்தால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. கதண்டுக் குளவி கொட்டலாம், காட்டெருமை வந்து நிற்கலாம், கால் வழுக்கலாம். ஆறு பேரில் ஒரு குரல் குறைந்தாலும் பறிப்பதை விட்டுவிட்டுத் தேடப் போவார்களாம். பாட்டு வைத்த பிறகு எவ்வளவு கத்தியும் பக்கத்து வரிசைக்கே கேட்காததால், சரி, போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். முப்பது வருடம் அடுத்தவர் குரலைக் கேட்பதற்குச் சம்பளம் வாங்கியவள் நான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கட்டிலில் இருந்தவள்தான் என்னைத் தேற்றினாள். பாட்டெல்லாம் நல்லாத்தானுங்க இருந்துச்சு, அந்த நாலாவது பாட்டு யாருங்க பாடுனது என்று கேட்டாள். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். சொன்னேன். மறுபடி ஒரு நாள் அந்தப் பாட்டைப் போட்டுவிடச் சொன்னாள்.

அடுத்த மார்கழிக்கு அவளும் வந்தாள். லேசாகச் சாய்ந்து நடந்தாள், கை மட்டும் பழைய வேகம். நான் முதல் வேலையாக மரத்து ஸ்பீக்கரைக் கழற்றி வந்து அலமாரியில் வைத்திருந்தேன். கீழ்க் கல்கட்டையும் புதிதாகக் கட்டியாயிற்று. பறிப்பு நடக்கும் நாட்களில் ரேடியோ சமையலறையோடு சரி, அதுவும் என் காதுக்கு எட்டுகிற அளவுக்கு மட்டும். மத்தியானம் சாப்பாட்டுக்கு எல்லோரும் மேலே வந்து உட்கார்ந்த பிறகு, அவர்களே கேட்டால் வாசல் ஸ்பீக்கரைப் போடுவேன். அந்த நாலாவது பாட்டு அந்த வருடம் நாலைந்து தடவை ஓடியது.

இப்போதெல்லாம் காலையில் ஒரு தடவை, பதினோரு மணிக்கு ஒரு தடவை, வாசலில் நின்று நானும் கொரல் கொடுக்கிறேன். கீழேயிருந்து ஒவ்வொன்றாகப் பதில் வரும். எண்ணுவேன். கடைசியாக, கீழ்க்கோடியிலிருந்து, வேண்டுமென்றே எல்லோரையும்விட நீளமாக இழுத்து ஒரு குரல் வரும். அந்த ஆறாவது குரலைக் கேட்ட பிறகுதான் உள்ளே போவேன்.

தோட்டத்தில் இல்லாவிட்டாலும் சரி, கடையிலோ பஸ்ஸிலோ நான் எதையாவது கேட்கும்போது யாராவது ‘இருக்கட்டுங்க’ என்று சொல்லிவிட்டால், வேணுமா வேண்டாமா என்று இன்னொரு தடவை கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இன்றுவரை என்னால் அந்த இடத்தை விட்டு நகர முடிவதில்லை.