ஒன்றுகூடச் சரியில்லை

இன்று எங்கள் கல்லூரியில் புது மாணவர்களை இலத்தீன் வகுப்புகளுக்குப் பிரிக்கும் சோதனை. திருத்தியது நான்.

லண்டன் ஹவுன்ஸ்லோவிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளை ஒருத்தியின் விடைகளில் ஒன்றுகூடச் சரியில்லை. நாலில் ஒன்றைத் தெரிவுசெய்யும் கேள்விகள். கண்ணை மூடிக்கொண்டு புள்ளடி போட்டாலும் சில சரிவரும். எல்லாமே பிழையாக வேண்டுமென்றால், எல்லாமே தெரிந்திருக்க வேண்டும்.

கூப்பிட்டுக் கேட்டேன்.

"மேல் வகுப்பு காலமை, மிஸ். எனக்கு எயார்போர்ட்டில நைட் ஷிப்ட். அப்பாவுக்கு இனி வேலைக்குப் போக ஏலாது. தொடக்க வகுப்பு பின்னேரம்தானே."

"வகுப்பு நேரத்தை மாத்தச் சொல்லிக் கேட்டுப் பாக்கட்டோ?"

"நான் கேட்டனான், மிஸ். ஏலாதாம்."

தொடக்க வகுப்பிலேயே போட்டேன். அதை எடுப்பதும் நான்தான்.

அவள் நித்திரையானால் எழுப்புவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். அவளுக்கு வேறு என்ன கற்றுக்கொடுக்கலாம் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.