திரைக்குப் பின்னால் உட்கார்ந்த வாடிக்கையாளர்கள்

மாலை 4.40. மன்னார்குடியில் திருத்துறைப்பூண்டி பேருந்து வரவில்லை. கூலித் தகராறு, வழியில் மறியல் என்றார்கள். ஒரு சோப்புக் கம்பெனியின் விளம்பர வேனில் இரண்டு ரூபாய்க்கு இடம் கிடைத்தது. நடுவில் ஓர் ஊரில் இலவசப் படம் காட்டிவிட்டுப் போவார்களாம்.

6.15. ஏழாவது மைலில் அந்த ஊர். பெயரை எழுதவில்லை, பக்கத்து ஊர்களிலும் இதே வழக்கம்தான் என்றார் ஓட்டுநர். நெற்களத்தில் மெல்லிய வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டினார்கள். முன்பக்கம் மிராசுதார் தெருவுக்கு ஜமுக்காளம். வயலில் கூலி வேலை செய்பவர்களுக்குத் திரையின் பின்பக்கம், வெறுந்தரை.

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். எழுத்தெல்லாம் இடம் வலமாக மாறித் தெரிந்தது. கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை இடக்கையால் சாப்பிட்டான். "எல்லோருக்கும் ஏற்ற சோப்பு!" என்று ஒலிபெருக்கி கூவியது.

7.50. கதாநாயகி ஆற்றில் விழுந்ததும் படத்தை நிறுத்திவிட்டார்கள். ஐந்து பெட்டி விற்றால்தான் மீதிப் படம். முன்பக்கத்தில் இரண்டுதான் போயிற்று. விற்பனையாளர் தட்டோடு பின்பக்கம் வந்தார். அறுவடைக் கூலி கைக்கு வந்திருக்கும் நேரம் என்று அவருக்குத் தெரியும். முன்னால் உட்காரத் தகுதியில்லாதவர்கள், வாங்க மட்டும் தகுதியானவர்கள்!

"கட்டி அறுபது பைசாதாம்மா. வாசனை பாருங்க."

அஞ்சலை என்ற பெண் முகர்ந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஏங்க சோப்புக்காரரே, முன்னாடி இருக்கவங்களுக்கு என்ன வெலை?"

"அதே அறுபதுதான்."

"வெலை ஒண்ணுன்னா எடமும் ஒண்ணா இருக்கட்டும். அந்தப் பக்கம் உக்கார வையிங்க, தெருவே வாங்குறோம்."

"ரெண்டு பக்கமும் ஒரே படந்தானேம்மா?"

"அப்ப அவங்க இங்க வந்து பாக்கட்டுமே!"

பின்பக்கம் முழுவதும் சிரித்தது. விற்பனையாளர் தட்டை அங்கேயே வைத்துவிட்டு, முன்பக்கம் இருந்த மிராசுதாரின் காரியக்காரரிடம் ஓடினார். "மூணு பெட்டிங்க. கொஞ்சம் தள்ளி உக்காந்தீங்கன்னா வித்துரும்."

"சோப்பு விக்க வந்தீரா, பஞ்சாயத்து பண்ண வந்தீரா? சுருட்டும் துணியை!"

சுருட்டினார்கள். அஞ்சலை கட்டியைத் தட்டிலேயே வைத்தாள். பக்கத்தில் இருந்தவள், "அக்கா, ஆத்துல விழுந்தவ பொழைச்சாளான்னு தெரியாமப் போச்சே" என்றாள்.

"நீச்சல் தெரிஞ்சா பொழைச்சிருப்பா. வாடி."

8.30. வேன் கிளம்பியது. "இந்த ஜனங்களுக்குச் சோப்புப் பழக்கம் இன்னும் வரலே சார்" என்றார் விற்பனையாளர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சோப்பு பிடிச்சுது. நீங்க கொடுத்த எடம் பிடிக்கல. ஆபீஸ்ல அதைச் சொல்லுங்க."

"சொன்னா சிரிப்பாங்க சார்."

எங்கள் ஊரான கும்பகோணத்தில் நாங்கள் ஓர் இலவசக் கரண்டிக்காக வேண்டாத சலவைத்தூளை வாங்கி வருகிறோம். எங்களைத்தான் இவர்கள் பழக்கம் வந்தவர்கள் என்கிறார்கள்.