கலாத்தியர் என்றொரு ஆள்

கலாத்தியர் என்பது ஒரு ஆளின் பெயர் என்றுதான் நான் நம்பியிருந்தேன். ஆசிரியர் இருக்கிறார், வைத்தியர் இருக்கிறார், கலாத்தியர் இருக்கக் கூடாதா? ஞானஸ்நானம் எடுத்த கத்தோலிக்கனுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். பூசையில் இரண்டாம் வாசகம் தொடங்கும்போது நான் எப்போதும் வெளியே வேப்பமரத்தடியில் மோட்டார் சைக்கிளுக்குக் காவல் நிற்பவன். அதை இதுவரை ஒருத்தரும் களவெடுக்க வரவில்லை.

அன்றைக்கு நாயாற்றுக் கடற்கரையில் வலை வேலை முடிந்து வந்து, மாற்றிக் கட்டச் சாரம் எடுக்க அலுமாரியைத் திறந்தேன். மனைவியின் கையெழுத்தில் ஒரு தாள். தலைப்பில் கோடு போட்டு, ‘கலாத்தியருக்கு எழுதியது’. கீழே இப்படி இருந்தது: ‘நான் அங்க இருந்த காலத்தில என்னில எவ்வளவு பட்சம்! கண்ணைக் கேட்டாலும் பிடுங்கித் தந்திருப்பீங்கள். நான் இஞ்சால வந்த கையோட வேற ஆக்கள் வந்து உங்கட மனத்தைக் கலைச்சுப்போட்டினம்.’

கலியாணம் கட்டி இருபத்திரண்டு வருஷத்தில் அவா எனக்கு எழுதியது ஒரே ஒரு துண்டு. ‘பாண் வாங்கவும்.’

‘அங்க இருந்த காலம்’ என்றால் எங்கே? கலியாணத்துக்கு முதல் அவா கிளிநொச்சியில் பெரியம்மா வீட்டில் நின்று தையல் பழகினவா. அப்போ கலாத்தியர் கிளிநொச்சிப் பக்கம். கண்ணையே கொடுக்க நின்ற மனிசன். நானோ மழைக்குள் குடையைக்கூட முழுசாகக் கொடுத்ததில்லை.

அவாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தாளைச் சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு துப்பறியப் புறப்பட்டேன். என்னோடு கிழிந்த வலை பொத்துகிற கூட்டாளியிடம், கிளிநொச்சிப் பக்கம் தையலோடு பழகின ஆள் ஆரும் உண்டோ என்று விசாரித்தேன். அவன் நல்லாய் யோசித்துவிட்டுச் சொன்னான்: “பரந்தன் சந்தியில தையல் மெஷின் திருத்திற ஆள் ஒண்டு இருக்கு மச்சான். பேர் தெரியாது. ஆனா வடிவான ஆள்.”

அந்தக் கடைசி வசனத்தை அவன் விட்டிருக்கலாம்.

அடுத்த நாள் பரந்தனில் நின்றேன். எதிர்க் கடையில் மூன்று பிளேன்டீ குடித்தபடி அந்த ஆளைப் பார்த்தேன். தலை நிறைய மயிர். வயிறு இல்லை. ஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டு. என்னை அறியாமலே என் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். என்னோடு ஒரு வார்த்தைகூடப் பேசாத மனிதனை முழுசாக வெறுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

நாலாம் நாள் அவா குசினியில் இறால் உரித்துக்கொண்டிருந்தா.

“இஞ்சருங்கோ, அலுமாரிக்க இருந்த தாளைக் கண்டனீங்களோ?”

“ஆர் உந்தக் கலாத்தியர்?” தண்ணி பூந்த எஞ்சின் மாதிரி வந்தது என் குரல்.

அவா இறாலைக் கீழே வைத்தா. “அது ஆளில்லையப்பா. சனம். கலாத்தியா எண்ட நாட்டுப் பக்கம் இருந்த சபைகள்.”

“அப்ப பரந்தன்காரன்?”

“எந்தப் பரந்தன்காரன்?”

அந்தக் கதையை நான் கெதியாக மாற்றினேன்.

பங்கு மண்டபத்தில் நடக்கிற வேதாகம வகுப்பில் சிஸ்டர் சொன்னவாவாம், வேதாகமத்தில் கலாத்தியருக்குக் கடிதம் எழுதின அப்போஸ்தலரின் இடத்தில் இருந்து, அதை உங்கட வசனத்தில் எழுதிக்கொண்டு வாங்கோ என்று. அந்தச் சபைகளை உண்டாக்கினதே அந்த அப்போஸ்தலர்தானாம். யூதர் அல்லாத சனம். அவர் போன பிறகு வேறு ஆக்கள் வந்து, விசுவாசம் மட்டும் காணாது, விருத்தசேதனம் செய்து பழைய சட்டத்தையும் கைக்கொண்டால்தான் நீங்கள் முழு ஆக்கள் என்றார்களாம். சனமும் நம்பத் தொடங்கிவிட்டது. கேள்விப்பட்ட மனிசன், மற்றக் கடிதங்களில் எழுதுகிற நன்றி, புகழ்ச்சி ஒன்றும் இல்லாமல், கோபத்தோடு நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார். நீங்கள் இருக்கிறபடியே கடவுள் உங்களை ஏற்றாச்சு, திரும்பவும் நுகத்துக்குள் தலையைக் கொடுக்காதேங்கோ என்று சொல்லத்தான் அந்தக் கடிதமாம்.

எனக்கு அந்த அப்போஸ்தலரைப் பிடித்துப்போயிற்று. அவரும் வயிறெரிந்தவர்தான். ஆனால் அவர் கேட்க வேண்டிய ஆக்களிடமே நேரே கேட்டார். நான் பரந்தனில் பிளேன்டீ குடித்தேன்.

அவா கையை நீட்டினா. தாளை எடுத்துக் கொடுத்தேன். நாலு நாள் வேர்வையிலும் எஞ்சின் ஒயிலிலும் ஊறி எழுத்தெல்லாம் கரைந்திருந்தது. விடிந்தால் வகுப்பில் வாசிக்க வேண்டியது.

“நாலு நாளா என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேலையே,” என்றா. சிரிக்கவில்லை.

புதுத் தாள் எடுத்து, குசினி மேசையில் வைத்து முதலிலிருந்து திரும்ப எழுதினா. மிச்ச இறாலை நான் உரித்தேன்.